வல்லம் தாண்டியும் இறங்கவில்லை

பதினெட்டு வருடங்களாகச் செஞ்சியில் சமூக அறிவியல் வாத்தியார் நான். ஆப்பிரிக்காவின் ஆறுகளையும், கப்பலில் ஏற்றி விற்கப்பட்ட மனிதர்களையும் பிள்ளைகள் கண் கலங்கும்படி நடத்துவேன். அந்தப் பெருமையெல்லாம் ஒரு பஸ்ஸில் நாறிப்போனது.

திண்டிவனம் பஸ்ஸில் ஒரே ஒரு இடம் காலி. பக்கத்தில் ஜன்னலோரம் ஓர் ஆப்பிரிக்க இளைஞர். நான் கம்பியைப் பிடித்து நின்றேன். அவர் நிறம்தான் காரணம். வேறு சாக்கு இல்லை.

"இன்னா சார், சீட்டு காலியா இருக்குதே?" என்றார் பின்சீட்டுக்காரர்.

"வல்லத்துலயே எறங்கிடுவேன்" என்று வழியில் இருக்கும் ஊரைச் சொல்லிப் புளுகினேன். நான் போகவேண்டியது திண்டிவனம்.

நிற்பவரின் சுமையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது நம் ஊர் பஸ் வழக்கம். அந்த இளைஞரும் கை நீட்டி என் விடைத்தாள் கட்டை வாங்கிக்கொண்டார். மேல் தாளில் ஆப்பிரிக்க வரைபடம்.

"அண்ணா, கானா இங்க இல்ல. இங்க" என்று விரல் வைத்தார், தமிழிலேயே. "எங்கம்மா அங்கதான் இருக்காங்க."

மாணவன் தப்பாகக் குறித்த இடத்துக்கு நான் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தேன்.

பஸ் நின்றது. "அண்ணா, வல்லம்" என்று கட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன், இறங்கவில்லை. பஸ் கிளம்பியது. என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பழகிப்போன வேலையைச் செய்வதுபோல எழுந்தார்.

"நீங்க உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தேன். அதை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. அவர் நின்றுகொண்டே வந்தார். "உக்காருங்க தம்பி" என்று சொல்ல, திண்டிவனம் வரை எனக்கு வாய் வரவில்லை.