ஆறாவது பாட்டில்

ஊரில் எந்தக் கார் செத்தாலும் கடைசியில் ஸ்பானரிடம்தான் வந்து சேர வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பதினைந்து வருடமாக அவரும் அவர் அண்ணனும் பழைய கார்களைப் பிரித்துப் போடுகிறார்கள். கதவு, கண்ணாடி, பேட்டரி, இன்ஜின் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிடும். கறுத்த எண்ணெயும் அழுக்குத் தண்ணீரும்தான் யாருக்கும் வேண்டாம். அவை கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற குழிக்குப் போகும். தரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் ஸ்பானர் அண்ணனைக் கடித்துக் குதறிவிடுவார். அவ்வளவு சுத்தக்காரர்.

அன்று காலை விபத்தில் நொறுங்கிய புதுக் கார் ஒன்று வந்தது. அதன் ரேடியேட்டரில் இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றியிருந்த கூலன்ட் அழுக்கில்லாமல் பச்சைப் பசேலென்று இருந்தது. மெக்கானிக் யாராவது கேட்பாரே என்று காலி ஜூஸ் பாட்டில் ஆறில் பிடித்துப் பெஞ்சில் வரிசையாக வைத்தார். மகா கெட்டிக்காரர்! ஒரு சீட்டாவது எழுதி ஒட்டியிருக்கலாம் அல்லவா?

மத்தியானம் வந்து பார்த்தால் ஐந்துதான் இருந்தது. அண்ணனையும் காணோம்.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் அண்ணி வாயைக் கட்டிப் போட்டிருக்கிறாள் என்று, வெளியே கண்ணில் படுகிற இனிப்பையெல்லாம் திருட்டுத்தனமாக விழுங்குகிற ஆள். கூலன்டும் இனிக்கும், அதுதான் வினை. போன மாதம் தரையில் சிந்தியதை நக்கிய நாய் மறுநாள் விறைத்துக் கிடந்தது.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

அடுக்கி வைத்த கார்களுக்கு நடுவே ஓடினார். ஒவ்வொரு காருக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார். அண்ணன் மத்தியானத்தில் கால் நீட்டுகிற வேனிலும் ஆள் இல்லை. தகரம் கிழித்து முழங்கையில் ரத்தம் வந்தது, அதுகூடத் தெரியவில்லை. அண்ணியின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் கைபம்பு பக்கத்தில் அண்ணன் நின்றார். கையில் அதே பாட்டில். அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்பானர் பாய்ந்து தட்டிவிட்டார். பாட்டில் உருண்டது. அண்ணன் சட்டையெல்லாம் நனைந்தது.

“பைத்தியமாடா உனக்கு? தண்ணிடா அது. இப்பதான் அடிச்சேன்.”

“அதுல இருந்த பச்சை?”

“மோந்து பாத்தேன், கூலன்டு. பாட்டிலாவது ஆகுமேன்னு கொட்டிட்டு, மூணு தடவை கழுவிட்டுத்தான் பிடிச்சேன்.”

ஸ்பானருக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க கொட்டுனீங்க?”

“வேற எங்க, நாம கொட்டுற குழியிலதான்.”

குழி பம்பிலிருந்து எட்டே காலடி தள்ளி இருந்தது. பதினைந்து வருடம் எவ்வளவு ஊற்றியும் அது ஒரு நாளும் நிரம்பியதில்லை. நல்ல குழி என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஸ்பானர் குழியைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். காலையில்தான் அண்ணி இங்கிருந்து இரண்டு குடம் பிடித்துப் போயிருந்தாள்.

அண்ணன் பாட்டிலை எடுத்து உதறிவிட்டு மறுபடியும் பம்புக் கைப்பிடியைப் பிடித்தார். ஸ்பானர் எழுந்து அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“விடுடா. பதினஞ்சு வருஷமா இந்தத் தண்ணியத்தான குடிக்கிறோம்?”

“ஆமாண்ணே,” என்றார் ஸ்பானர். கையை மட்டும் விடவில்லை.