பிள்ளைகளின் மேசை

"வொஷி வொஷி!" என்று சொல்லிக்கொண்டு டொமினிக் வாசலில் நிற்கிறார். வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்க்கிறார். பங்குத் திருநாள் விருந்தாகட்டும், சொந்தக்காரர் கலியாணமாகட்டும், மண்டப வாசலில் கிருமிநாசினிப் போத்தலும் கையுமாக அவர் நிற்பதைத் திருகோணமலையில் பலர் கண்டிருக்கிறார்கள். பங்குத் தந்தையையும் விட்டுவைப்பதில்லை. "ஃபாதர், எல்லாரும் பிடிக்கிற கரண்டி. ரெண்டு சொட்டுத் தேய்ச்சுப்போட்டுப் போங்கோ."

பத்துப் பன்னிரண்டு வருடம், குடும்பங்கள் ஏறும் சொகுசுக் கப்பலொன்றின் சாப்பாட்டு மண்டபத்தில் அவர் வேலை செய்தவர். கையைக் கழுவு என்ற 'வொஷி வொஷி' அங்கே பழகிய கூப்பாடு. இப்போது அலஸ்தோட்டத்தில் ஒரு விடுதியின் குசினி அவருடைய பொறுப்பு. ஆள் கரைக்கு வந்துவிட்டார். கைகால்கள் இன்னும் வந்து சேரவில்லை. உவர்மலையில், பாறைமேல் அத்திவாரம் போட்ட வீட்டில், தட்டு வைக்குமுன் மேசையில் ஈரத்துணி விரிக்கிறார். தட்டு வழுக்காமலிருக்கவாம். கேத்தலின் பிடி எப்போதும் சுவர்ப் பக்கம். கறியை ஒரு கரண்டியால் அள்ளி இன்னொரு கரண்டியில் ஊற்றித்தான் ருசி பார்ப்பார். வாயில் பட்ட கரண்டி சட்டிக்குத் திரும்பாது. மதியச் சாப்பாட்டுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'சேர்விஸ்'. "சேர்விஸ் முடிஞ்சுதோ?" என்று குசினியை எட்டிப் பார்த்துக் கேட்பார். சாப்பிட அவரும் மனைவி ஜெனிதாவும் மகள் அனெற்றும் மட்டுந்தான்.

இதற்கெல்லாம் ஜெனிதா பழகிவிட்டாள். பழகாத பழக்கம் ஒன்று உண்டு. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தட்டுகள் கிடக்கும் அறையில் அவர் தனியே இருக்கமாட்டார். நல்ல வெயிலில் வெளிப்படியில் போய் நின்று, கீழே துறைமுகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தட்டுகளைக் கழுவி அடுக்கிய சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வருவார். ஏன் என்று கேட்டால், "உள்ளுக்கு வெக்கை" என்பார். நெற்றி சுடும் வெயிலில் நின்றுகொண்டு அப்படிச் சொல்வார்.

கப்பலேறப் போகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்க அவரிடம் வருவதுண்டு. போன மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தவர்கள் குறிஞ்சாக்கேணி முனீப்பும் மனைவி ரபீக்காவும். முனீப் விடுதிக்குத் தயிர் கொடுப்பவர். கட்டாரில் இருக்கும் மகன், தன் பெண்சாதி பிள்ளைகளோடு தாய்தகப்பனையும் சேர்த்து, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலொன்றில் இடம் போட்டிருந்தான். ஒரு சட்டி தயிரை ஜெனிதாவின் கையில் கொடுத்துவிட்டு இருவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கதிரை இழுத்து உட்கார்ந்தார்கள்.

"டொமினிக் தம்பி, பயணம் போறது பெரிசில்ல. கப்பல்ல என்ன தருவானுகள்? அதச் சொல்லுங்க," என்றார் முனீப்.

இந்தக் கேள்வி வந்தால் டொமினிக்கின் முதுகு நிமிர்ந்துவிடும்.

"முதல் நாள்தான் நானா ஆபத்து. ஏறின உடன மேல்தட்டில புஃபே திறந்திருக்கும். எல்லாரும் கைப்பையைக்கூட வைக்காமல் அங்க ஓடுவினம். கேக்கு, இறால், இறைச்சி, ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே தட்டில மலை மாதிரிக் குவிப்பினம். அண்டைக்கு இரவே வயித்தைப் பிடிச்சுக்கொண்டு படுப்பினம். நீங்கள் சூப்பும் பழமும் எடுங்கோ. சாப்பாடு எங்கயும் ஓடாது."

"ஹலாலா இரிக்குமா?" என்று ரபீக்கா கேட்டாள்.

"இருக்கும் ராத்தா, ஆனா வாய்திறந்து கேக்கோணும். பேசாமல் இருந்தா மரக்கறிதான் வரும். முதல் நாள் இராச்சாப்பாட்டுக்கு இருக்கேக்க பெரிய வெயிட்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ. பிறகு அவரே நாளைக்கு என்ன வேணுமெண்டு முதல் நாளே வந்து கேப்பார். உங்களுக்குத் தனிச் சட்டியில சமைப்பினம்."

"சோறு?"

"சோறெண்டு ஒண்டு வைப்பாங்கள். நாங்கள் அதைச் சோறெண்டு சொல்லமாட்டம்."

ரபீக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டொமினிக்குக்கு உற்சாகம் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் கேக்கைக் கண்டாலே ஓங்காளிக்கும் என்றார். அப்போது மேசைக்கு வருகிற பெடியனிடம் கீழே என்ன சமையல் என்று மெல்லக் கேட்க வேண்டுமாம். கப்பலின் அடிவயிற்றில் வேலையாட்களின் சாப்பாட்டறை இருக்கிறது. அங்கே சோறும் பருப்பும் மீன்குழம்பும் இல்லாத நாள் இல்லை. கேட்கிற விதமாகக் கேட்டால் ஒரு கிண்ணம் மேலே வரும். உறைப்புக்கு, மூடி உடைக்காத அச்சாறுப் போத்தலொன்று பெட்டியில் இருக்கட்டும் என்றார்.

தேத்தண்ணி கொண்டுவந்த ஜெனிதாவுக்கு இந்தக் கதையெல்லாம் மனப்பாடம். எந்த இடத்தில் ஆட்கள் சிரிப்பார்கள் என்பதும் தெரியும்.

"அப்ப பேரப்புள்ளையளுக்கு?" என்றாள் ரபீக்கா.

இந்த இடமும் ஜெனிதாவுக்குத் தெரியும். வீதியில் பள்ளத்தைக் கண்டு சைக்கிளை விலக்குவது போல டொமினிக் இதில் விலகிப் போவார். "அதுவும் இருக்கும்," என்று சொல்லிவிட்டு இராச்சாப்பாட்டுக்கு என்ன உடுப்பு உடுப்பது என்று தொடங்கிவிடுவார். அன்றும் அப்படித்தான் தொடங்கினார். ரபீக்கா விடவில்லை.

"இல்ல தம்பி, சின்னவன் ஒண்டுமே தின்னமாட்டான். மகன் சொல்றான், புள்ளையளுக்கெண்டு வேற இடம் இரிக்காம். விட்டுட்டு நாங்க தனிய ஆறுதலா இருந்து சாப்பிடலாமாம்."

"விடாதேங்கோ," என்றார் டொமினிக்.

குரல் திடீரென்று உயர்ந்துவிட்டது. முனீப் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது என்ர இடம் ராத்தா. நான்தான் அங்க பொறுப்பா நிண்டனான்," என்றார் டொமினிக் பிறகு, தணிந்த குரலில்.

அன்று அவர் ஏன் சொன்னார் என்று ஜெனிதாவுக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவளிடமே சொல்லாதது. அவளும் தேத்தண்ணித் தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டுதான் கேட்டாள்.

பிள்ளைகளின் மேசை அந்தக் கப்பலில் ஒரு மூலையில், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற, சாப்பாடு பரப்பிவைக்கும் பலகை, குட்டை மேசைகள், கையால் தூக்கக்கூடிய கதிரைகள். டொமினிக் அங்கே தினமும் வட்ட வட்டமாகப் பான்கேக் சுட்டு, உலர்திராட்சையில் இரண்டு கண்ணும் ஜாமில் ஒரு வாயும் வைப்பார். அதைத் தின்னாத பிள்ளை இல்லை.

கொரோனா வந்த வருடம் பயணிகளையெல்லாம் இறக்கிவிட்டார்கள். வேலையாட்களை இறக்க எந்தத் துறைமுகமும் சம்மதிக்கவில்லை. கப்பல் அரபிக் கடலில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. மாதக்கணக்கில். ஆட்கள் மனம் விட்டுப்போகக் கூடாதென்று கப்டன் ஒரு கட்டளை போட்டார்: எல்லாரும் பயணிகளின் மண்டபத்தில், பயணிகளின் கதிரையில் இருந்து சாப்பிட வேண்டும், எல்லாப் பலகைகளும் வழக்கம்போலத் திறக்க வேண்டும்.

"என்ர பலகையை மூடச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்ல. நானும் திறந்தனான். கண்ணும் வாயும் வைச்சு பான்கேக் அடுக்கினனான். பெடியள் வந்து பகிடிக்கு ஒண்டு ரெண்டு எடுப்பாங்கள்."

பிறகொரு நாள் மதியம், எல்லாரும் சாப்பிட்டுப் போன பின்பு, அவர் குசினிக்குப் போய்த் திரும்பி வந்தார். ஒரு குட்டை மேசையில் தட்டு இருந்தது. அதில் பான்கேக். கண்கள் இரண்டையும் காணோம். வாய் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. எதிரே இன்னொரு சின்னக் கதிரை, ஆள் எழுந்து போனது போலக் கொஞ்சம் பின்னுக்கு இழுபட்டிருந்தது.

"பிள்ளையள்தான் அப்பிடிச் சாப்பிடுவினம். முதல் கண்ணைப் பிடுங்குவினம். கப்பல்ல பிள்ளை எங்க?"

அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. எப்போதும் மதியந்தான், கடலின் வெளிச்சம் கண்ணாடியால் வந்து கூரையில் அலையலையாக ஓடும் நேரம். ஆளில்லாத மண்டபம், விரித்த மேசைத்துணிகள், அந்தத் தட்டு. அவருக்கு உடம்பு கூசத் தொடங்கியது. வேலையாட்களில் யாரோ ஒரு பெண் பிள்ளையை ஒளித்துவைத்திருக்கிறாள் என்றுகூட நினைத்து அறையறையாகத் தேடியிருக்கிறார். கடைசியில் பாதுகாப்பு அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவர் ஒரு நேபாளத்து மனிதர், ஓய்வுபெற்ற சிப்பாய். கமராப் படத்தைப் பார்த்துவிட்டு டொமினிக்கைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "பயப்படாதே, இதைப் பார்த்தது நான் மட்டுந்தான்," என்று சொல்லித் திரையைத் திருப்பினார்.

ரபீக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது, ஏதோ ஓதினாள்.

"நான்தான்," என்றார் டொமினிக்.

"என்ன நீங்களா?" என்றார் முனீப்.

"படத்தில நான் வாறன் நானா. என்ர உடுப்பு, என்ர நடை. தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சின்னக் கதிரையில இருக்கிறன். எதிர்க் கதிரையைப் பாத்துக் கதைக்கிறன். சிரிக்கிறன். கண்ணைப் பிடுங்கி அந்தப் பக்கம் நீட்டுறன். பிறகு என்ர கையில ஒண்டுமில்ல. அது எங்க போனதெண்டு படத்தில தெரியேல்ல. துவாயை எடுத்து... அந்தப் பக்கம் ஆளில்லாத இடத்தில வாயைத் துடைச்சு விடுறன். பிறகு எழும்பிக் குசினிக்குப் போறன். கொஞ்சத்தால திரும்பி வந்து, தட்டைக் கண்டு, தலையில கைவைக்கிறன். எனக்கு அது ஒண்டும் ஞாபகமில்ல. இண்டு வரைக்கும் இல்ல."

அடுத்த நாளே அந்த மூலையை மூடிவிட்டார்கள். சின்னக் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டினார்கள். கட்டியது டொமினிக்தான். "அந்தோனியார் திருநாளுக்கு மற்ற நாள். அதுதான் மறக்கேல்ல," என்றார்.

ஜெனிதா தட்டை மேசையில் வைத்தாள்.

அந்த வருடத்து அந்தோனியார் திருநாளை அவளும் மறக்கவில்லை. கோயிலில் ஆட்களைச் சேர்க்காத வருடம். அனெற்றுக்கு அப்போது நாலு வயது. ஊரடங்கு தொடங்கியதிலிருந்து பிள்ளை மதியத்தில் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். தன் தட்டுக்கு எதிரே ஒரு வெறுங்கதிரையைப் போடச் சொல்வாள். சோறு வாயில் போகாது. சிரித்துச் சிரித்துக் கதைப்பாள். "கண் எனக்கு, வாய் அப்பாக்கு," என்பாள். ஜெனிதா விளையாட்டென்றுதான் விட்டாள். கப்பலிலிருந்து வாரத்தில் ஒருமுறை அறுந்தறுந்து குரல் வரும், படம் வராது. பிள்ளை தகப்பனைத் தேடுகிறாள் என்று நினைத்தாள். ஒருநாள், "அப்பா சின்னக் கதிரையில இருக்கிறார் அம்மா, முழங்கால் மேசையில இடிக்குது, பாவம்," என்று பிள்ளை சொன்னபோது, ஜெனிதா அவளுடைய நெற்றியில் மந்திரித்த எண்ணெய் பூசிப் படுக்கவைத்தாள். திருநாளுக்கு அடுத்த நாள் பிள்ளை எதிர்க் கதிரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். "இண்டைக்கு அப்பா வரேல்ல. கதிரையெல்லாத்தையும் கட்டிப்போட்டாங்கள்." அதோடு அந்த விளையாட்டு நின்றது. பிறகு கேட்டதற்கு அப்படியொன்றும் தெரியாது என்றுவிட்டாள்.

டொமினிக் விசேட விமானத்தில் வீடு வந்தார். வந்த கையோடு அனெற்றின் சின்னப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளை வளர்ந்துவிட்டாள்தானே என்றார். கம்பனி இரண்டு தடவை கூப்பிட்டது. போகவில்லை. ஜெனிதாவும் கேட்கவில்லை, தன்னுடையதைச் சொல்லவும் இல்லை. கப்பலில் அடைபட்டு வந்த மனிதனிடம் எதைச் சொல்வது?

"அந்தக் கப்பல்தானா இது?" என்றார் முனீப் கடைசியில்.

"இல்ல நானா. அதை உடைக்க வித்துப்போட்டாங்கள். உங்கடது புதுக் கப்பல். நல்ல சாப்பாடு, பயமில்லாமல் போங்கோ." டொமினிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளையளின்ர பக்கத்தில இருங்கோ, அவ்வளவுதான். அதுகள் தின்னாட்டிலும் பரவாயில்ல. பக்கத்தில இருங்கோ."

உள்ளறையில் அனெற் பாடம் சொல்லிப் படிக்கும் குரல் கேட்டது.

"முழங்கால் இடிச்சதோ?" என்றாள் ஜெனிதா.

"என்ன?"

"அந்த மேசையில. உங்கட முழங்கால்."

டொமினிக் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டும் கண்டி நீலம்பாய்ஞ்சு கிடந்துது. ஏனெண்டு தெரியாமல் எண்ணெய் பூசிக்கொண்டு திரிஞ்சனான். படத்தைப் பாத்த பிறகுதான் விளங்கினது." பிறகு அவருடைய குரல் மாறியது. "உமக்கு ஆர் சொன்னது?"

ஜெனிதா கதிரையொன்றை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மேசைக்குக் கீழே கையை நீட்டி, அவருடைய முழங்காலைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.