வௌவாலுக்கு வரவிருந்த கூரை

என் அத்தையை எல்லோரும் கிடங்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய தானியக் கிடங்கு ஒன்றுக்குக் காவல். கிடங்கின் பின்பக்கம், அதே ஓட்டுக்கூரையின் கீழ் அவருக்கு ஓர் அறை. மாமா போன பிறகு அதுதான் வீடு. மழை பெய்தால் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு போவார். கூரை மாற்றித்தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

அப்போதுதான் வனத்துறை வந்தது. கிடங்கின் உத்தரத்தில் குட்டி போடும் வௌவால்கள் அருகிவரும் இனமாம். அவற்றுக்காகக் கூரை முழுவதையும் சரிசெய்ய அவர்கள் திட்டத்தில் வழி இருந்தது. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். கூரையில் ஓர் ஓடு நகர்த்தவும் தொல்லியல் துறை பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் அந்தத் துறையில்தான் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அத்தை சிரித்தார்.

"வாடகை குடுக்காத குடித்தனத்துக்கு வந்த யோகத்தப் பாருடி. நான் இத்தனை வருஷமா நனையறேன், ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

"அதுங்களோட சேத்து உங்களுக்கும் கூரை வருதுல்ல? பேசாம இருங்க அத்தை."

"நீ படிச்ச படிப்புக்கு, வவ்வாலு சிபாரிசுலயா எனக்குக் கூரை வரணும்?"



இரண்டு துறையும் சேர்ந்து பார்வையிட நாள் குறித்தார்கள். நானும் கூடப் போனேன். கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே சுவரெல்லாம் பளீரென்று இருந்தது. தரை கழுவி, நாற்காலி போட்டு, தலைசீவி நின்றிருந்தார் அத்தை.

வனத்துறை அதிகாரி அண்ணாந்து பார்த்தார். உத்தரம் காலியாக இருந்தது.

"வவ்வாலெல்லாம் எங்கம்மா?"

"புகை போட்டு ஒண்ணு விடாம விரட்டியாச்சு சார். நீங்க போனதும் தானா திரும்பி வந்துரும். பெரியவங்க வர்ற இடம், தலைல எச்சம் விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"குட்டிங்க?"

அத்தை வாசலோரம் இருந்த கூடையைப் பார்த்தார். பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

என் மேலதிகாரி சுவரை நகத்தால் சுரண்டினார். மூட்டை தூக்கியவர்கள் ஒரு காலத்தில் கரியால் வரைந்த படங்களும் கிறுக்கல்களும் அங்கே இருந்தன. அவற்றுக்காகத்தான் அந்தக் கட்டடத்துக்கே பாதுகாப்பு.

"யாரு வெள்ளையடிக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும் சார்? நானேதான் ஆள் வெச்சு அடிச்சேன். ஒரே கரி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், நான் மெச்சுவேன் என்பதுபோல.

இரண்டு துறையும் அந்தச் சுவரைப் பற்றியும் உத்தரத்தைப் பற்றியும் ஒருவருக்கொருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தன. அங்கே குடியிருந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நானும் அவரிடம் கூரை வரப்போவதைச் சொன்னேனே தவிர, எதையும் தொடக்கூடாது என்று சொல்லவில்லை.

வௌவால் இல்லாத இடத்துக்குத் திட்டம் கிடையாது என்று வனத்துறை ஒதுங்கிக்கொண்டது. சுண்ணாம்பை எடுத்துச் சுவரை ஆராயும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்றது எங்கள் துறை. கூரை விழும் நிலையில் இருப்பதால் காவலாளி உடனே காலிசெய்ய வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. ஆராய ஆள் எப்போது வருவார் என்று கேட்டேன். மேலதிகாரி தோளைக் குலுக்கினார்.

காலிசெய்த அன்று கட்டிலைப் பிரித்துக்கொண்டே அத்தை கேட்டார்.

"நான் போய் மன்னிப்புக் கேட்டா விட்டுருவாங்களாடி?"

"யார்கிட்டப் போய்க் கேப்பீங்க அத்தை?"

யோசித்தார். நானும் யோசித்தேன். பிறகு கட்டில் சட்டத்தின் ஒரு முனையை அவர் தூக்க, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.