சீட்டே பிடிக்காதவர் மேல் சீட்டாட்டக் கேஸ்

இன்று காலை எங்கள் வீட்டு வாசலில் போலீஸ்!

(பதறாதீர்கள். பேத்திக்கு அரசு வேலை கிடைத்திருக்கிறது. நன்னடத்தை விசாரிக்க வந்தார்.)

கழுகுமலை முருகன் படத்துக்கு விளக்கேற்றிய கையோடு ஓடினேன்.

"பிள்ளை மேல கேஸ் கீஸ் உண்டா ஆச்சி?"

"எறும்பைக்கூட மிதிக்க மாட்டா ஐயா."

"அப்போ அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும்."

எதிர்வீட்டு டீச்சர் போட்டுவிட்டார். அடுத்து, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் என் கொழுந்தனைக் கூப்பிட்டேன். என் கணவரின் தம்பி.

போலீஸைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். எழுபது வயதில்!

அந்தப் பயத்துக்கு ஒரு கதை உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. கோவில்பட்டி பக்கம் எங்கள் ஊர். மாதக் கடைசியில் ஸ்டேஷனில் கேஸ் குறைந்தால் ஏட்டையா சைக்கிளில் வந்துவிடுவார்.

"அண்ணாச்சி, இந்த மாசம் உங்க ஊர்ல ஒரு ஆளு குடுங்க!" (விதைப்பருத்தி கேட்பதுபோல!)

ஊரும் வீட்டு முறை வைத்து ஒரு ஆளை அனுப்பும். சீட்டாடினேன் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டால் போதும். அபராதம் ஊர்ப் பொதுவில். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடலாம். அதற்குப் பதிலாகக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு விடிய விடிய மைக்செட் அலறினாலும் ஸ்டேஷன் கண்டுகொள்ளாது.

எங்கள் முறை வந்தபோது காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது. போக வேண்டியவர் என் கணவர்.

"நீ பருத்தியப் பாருண்ணே, நான் போயிட்டு வாரேன். டவுனைப் பாத்தாப்புலயும் இருக்கும்" என்று கிளம்பினார் கொழுந்தன்.

ராஜா எது, ராணி எது என்றுகூட அவருக்குத் தெரியாது!

மறு வருஷம் அவருக்கு சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. எங்கள் குடும்பத்தின் முதல் சர்க்கார் வேலை! முருகனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து ஊருக்கே கொடுத்தேன்.

போலீஸ் விசாரணையில் எல்லாம் போயிற்று. விண்ணப்பத்தில் 'வழக்கு உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். சூதாட்டத் தண்டனை ஒன்று, அதை மறைத்தது இன்னொன்று.

"அது ஊர் கேஸுதான மதினி, என் கேஸா?" என்று என்னிடமே கேட்டார்.

என் கணவர் அதே ஏட்டையாவிடம் ஓடினார்.

"நீங்கதான ஆளு கேட்டீய? நீங்களே சொல்லுங்க!"

"ஒத்துக்கிட்டது உன் தம்பி வாயிதான வே? கண்டக்டர் பையில காசுல்லா கெடக்கும், சூதாடுத பயகிட்ட சர்க்காரு குடுக்குமா?"

ஊரில் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. அடுத்த கொடை வருகிறதே!

அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ்தான். (எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை அப்படித்தான் சொல்வோம்.) குச்சிக்கு மருந்து முக்கியே ஆயுசு தீர்ந்தது. பெண் கேட்டுப் போன இடமெல்லாம் 'கேஸ்காரன்'. என் கணவர் சாகும்வரை, தன் முறைக்குப் போன தம்பியின் முகம் பார்த்துப் பேசவில்லை.

இன்று பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேண்டாம் மதினி. அந்தத் தாள்ல என் பேரு வேண்டாம். பிள்ளைக்கு ஆகாது."

"நாப்பது வருசம் ஆச்சே!"

"கேஸுக்கு வயசாகுமா மதினி?"

போலீஸ்காரப் பையன் சிரித்தான். "என்ன தாத்தா, அப்படி என்ன கேஸு?"

கொழுந்தன் கைகட்டி நின்றார்.

"சீட்டாடினேன் ஐயா."

கோர்ட்டில் சொன்ன அதே பதில்.

அவர் ஆடவே இல்லை என்று இனி நான் யாரிடம் போய்ச் சொல்ல?