சாரல் குடித்த பொடி

ஞாயிறு ஆராதனையில் கடைசிப் பாட்டு முடியும் முன்பே ஷெரின் செருப்பைத் தேடிவிடுவார். உத்தமபாளையத்தில் அவர் இயற்பியல் நடத்தும் கல்லூரியில் உலை எரிந்துகொண்டிருக்கும். பட்டுச்சேலையோடு ஸ்கூட்டரில் போய், சூடு இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவருக்குப் பசியே எடுக்கும். "ஊர்ல எல்லாரும் காய்ச்சல் எறங்குச்சான்னு பாப்பாக. இவ ஏறுச்சான்னு பாக்கப் போறா" என்பார் கணவர் எபனேசர்.

உலைக்குள் வேகுவது செம்பு ஆக்சைடு. லாந்தனம், ஸ்ட்ரான்சியம் என்று இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துச் சுட்டால், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருப்பு வில்லை கிடைக்கும். உள்ளே அணுக்கள் தளம் தளமாக அடுக்கியிருக்கும். குளிரவைத்தால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அந்த அடுக்குகள் சொல்லிவைத்தாற்போல் லேசாகச் சாய்ந்துகொள்ளும். அதற்குள் காந்தமும் உண்டு. வகுப்பில் அதை அவர் சொல்லும் விதமே தனி: "செம்பு அணு ஒருத்தன் மேக்க பாத்தா பக்கத்துல இருக்கவன் கெழக்க பாப்பான். வீட்டுக்குள்ள அம்புட்டுச் சண்டை. வெளிய நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது."

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர். ஈரக் காயை எடை போடுகிறவனை அங்கே வியாபாரி என்றே சொல்லமாட்டார்கள். லாந்தனம் பொடியும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் அதைச் சுட்டு உலர்த்தித்தான் எடை போடுவார்.

ஆடி மாதத்தில் ஒருநாள், வெளியூர் ஆய்வகத்தில் வில்லைகளை அளக்கும் கெங்குவார்பட்டிக்காரர் தங்கப்பாண்டி போன் செய்தார். "அக்கா, ஒங்க வில்லை எல்லாரும் சொல்ற சூட்டுல சாயல. ரொம்பக் குளிர்ந்த பெறகுதான் சாயுது. காந்தமும் அடங்கிப்போச்சு. புதுசுக்கா இது. எங்க ஆய்வகத்துப் பெரியவுக, கட்டுரையில ஒங்க பேரத்தான் மொதல்ல போடச் சொல்லிட்டாக."

இத்தனை வருடமும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த பெயர் அது. ஷெரினுக்குத் தலைகால் புரியவில்லை. அதே கலவையில் செய்த இன்னொரு வில்லையைப் பஞ்சில் பொதிந்து மேசைமேல் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் சுட்டு உலர்த்திய பொடியைத் தராசில் வைத்தபோது மணி அடித்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். திரும்பி வந்தால் தராசில் எண் ஏறியிருந்தது. மேற்கு ஜன்னல் திறந்து கிடந்தது. மலைச் சாரல் உள்ளே வந்துகொண்டிருந்தது. போன வில்லைக்கான பொடியையும் இதே ஜன்னலோரம் ஆறவைத்துவிட்டு வகுப்புக்குப் போனதும், வந்து எடை போட்டதும் நினைவுக்கு வந்தன. பொடி குடித்த தண்ணீரையும் லாந்தனம் என்றே கணக்கிட்டிருக்கிறார். கலவையே மாறிப்போனால் அடுக்குகள் வேறு சூட்டில் சாயாமல் என்ன செய்யும்? அழுகை முட்டியது. ஏலக்காய்க் கடைப் பிள்ளை ஈரத்தோடு எடை போட்டதை நினைத்ததும், அதையும் மீறிச் சிரிப்பு வந்தது. தங்கப்பாண்டிக்குப் போன் போட்டார்.

"தம்பி, அத எழுதிராதீக. புதுசும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஈரத்தோட எடை போட்டுட்டேன்."

"நல்லாப் பாத்துட்டீகளா அக்கா? இனி அடுத்த வருசந்தான் அளக்குற மெஷின் நமக்குக் கெடைக்கும்."

"கெடைக்கட்டும். அதுக்குள்ள காயவச்சிருவேன்."

போனை வைத்தார். பஞ்சைப் பிரித்து வில்லையை எடுத்துப் பொடி அரைக்கும் கல்வத்தில் போட்டார். குழவியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே அழுத்தாக அழுத்தினார்.