கார்டு கடனுக்கு ஒரு ஜோடி லுங்கி

கிரெடிட் கார்டைத் தேய்த்து நூல் வாங்கினேன். நெய்த லுங்கி விற்காமல் தேங்கியது, கார்டுக்குக் கட்ட முடியவில்லை, வங்கி வழக்குப் போட்டு சம்மன் வந்தது. குடியாத்தத்தில் விசைத்தறி ஓட்டுகிறவனுக்குக் கடன் புதிதல்ல. நூல்காரருக்குத் தர முடியாவிட்டால் அவர் கடைக்கே போய் உட்கார வேண்டும். திட்டுவார், டீ சொல்வார், தவணை தருவார். கையில் நம் தறி லுங்கி ஒரு ஜோடி இருந்தால் திட்டு கொஞ்சம் கம்மி.

என் மனைவி ஒன்றுதான் கேட்டாள்.

"தறிய தூக்கினு போய்டுவாங்களா?"

மாட்டார்கள் என்றேன். எனக்கும் அதே பயம்தான். தறி போனால் வேறு எந்த வேலைக்கும் நான் லாயக்கில்லை.

லுங்கியோடு வேலூர் கிளைக்குப் போனேன். கார்டு விவகாரமெல்லாம் சென்னையில் என்றார்கள். சென்னைக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது ஒரு பெண் குரல். அதற்கு லுங்கி கொடுக்க முடியாது. இந்த அலைச்சலில் சம்மனில் போட்டிருந்த கெடு நெருங்கிவிட்டது. கடைசியில் ஒரு வக்கீலிடம் போனேன். பையில் என்ன என்று கேட்டார், லுங்கி என்றும் அது எதற்கென்றும் சொன்னேன்.

"சம்மனுக்கு எழுத்துல பதில் குடுக்கணும். இல்லன்னா நீங்க இல்லாமலே தீர்ப்பு சொல்லிடுவாங்க, அப்புறம் ஜப்திதான். மூஞ்சிய காட்டினா போதும்னு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடனை ஒப்புக்கொண்டு, வட்டிக்குக் கணக்குக் கேட்டு, தவணையும் கேட்டு அவர் பதிலுரை தாக்கல் செய்தார். வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே சமரசம் பேச வங்கி ஓர் ஆளை அனுப்பியிருந்தது. இத்தனை நாள் நான் தேடிய முகம் அதுதான். வியர்த்து, சாப்பிடாமல் வாடியிருந்தது. வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளி, மீதிக்கு மாதத் தவணை என்று கையெழுத்தானது. தறி தப்பியது. வெளியே வந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

அந்த ஆளும் வெளியே வந்தார். பையில் லுங்கியா என்றார். ஜோடியை நீட்டினேன். இனாமாக வாங்கினால் வேலை போய்விடுமாம். விலை கேட்டு, பர்ஸைத் திறந்து பார்த்து மூடினார்.

"சம்பளம் வந்ததும் அனுப்பிட்றேன் சார். நம்பர் குடுங்க."

லுங்கியையும் நம்பரையும் கொடுத்தேன். மாதங்கள் ஓடிவிட்டன. என் தவணை தவறாமல் போகிறது, அவர் பணம் வரவில்லை. வழக்கெல்லாம் போடுவதாக இல்லை. ஒருநாள் நேரில் வந்து உட்காரட்டும், திட்டிவிட்டு டீ சொல்கிறேன்.