இளவரசிக்கு ஒட்டிய மரண அறிவித்தல்

தொலைக்காட்சித் தொடரில் இளவரசி செத்துப்போன அன்று எங்கள் வீட்டுச் சோறு அடிப்பிடித்துவிட்டது. பட்டத்துக்குரிய ஒரே பிள்ளையைச் சொந்தச் சித்தப்பனே நஞ்சு வைத்துக் கொன்றுவிட்டான். அம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். "பாழ்படுவான், ஒரேயொரு பிள்ளையெல்லோ!" என்று அவனைத் திட்டினார். நானும் ஒரேயொரு பிள்ளைதான். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் யூலை வெயிலிலும் எனக்குக் கம்பளித் தொப்பி.

அம்மாவின் அழுகையைப் பார்த்த என் சித்தப்பாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவருக்கு லாச்சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் ஓர் அச்சகத்தில் வேலை. இளவரசியின் படத்தைப் போட்டு மரண அறிவித்தல் ஒன்று அடித்தார். "அரண்மனையைப் பிறப்பிடமாகவும், எங்கள் அண்ணியின் தொலைக்காட்சிப் பெட்டியை வதிவிடமாகவும் கொண்ட இளவரசி அகால மரணமடைந்துவிட்டார். உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்." அடியில், கைப்பழக்கத்தில், எங்கள் விலாசம். அம்மாவைச் சீண்டத்தான் அடித்தார். மேசையில் கிடந்ததை முதலாளி மற்ற அறிவித்தல்களோடு சேர்த்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். யாரோ அதைக் கைபேசியில் படமெடுத்துப் பக்கத்து ஊரான திரான்சிவரைக்கும் அனுப்பியும்விட்டார்கள்.

எங்கள் சனம் மரண அறிவித்தலை வாசிப்பதில்லை. படத்தைப் பார்க்கும், விலாசத்தைப் பார்க்கும். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதே என்று உடனே தங்கள் வீட்டில் சமைக்கத் தொடங்கும். கிரீடத்தைக் கண்டுமா சந்தேகம் வரவில்லை என்று கேட்பீர்கள். பெரியபிள்ளையானால் சாமத்தியவீடு வைத்து, எல்லாப் பெண்பிள்ளைக்கும் கிரீடம் சூட்டித்தானே படமெடுக்கிறோம்! பதினொரு வயதில் எனக்கும் அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. அந்தப் பூச்சுக்குள் யார் பிள்ளை என்று பெற்றவளுக்கே பிடிபடாது. விலாசம் எங்களுடையது, வீட்டில் இருப்பதோ ஒரேயொரு பெண். ஆக, செத்தது நான்.

பின்னேரம் அம்மா வீங்கிய கண்ணோடு கதவைத் திறந்தார். திரான்சி மாமி கறிச்சட்டியோடு நின்றார், பின்னால் நாலைந்து பேர். மாமி அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதார். மாமியும் தொடர் பார்க்கிறவர்தான் என்று நினைத்து அம்மாவும் சேர்ந்து அழுதார்.

"எப்பிடியடி பிள்ளை நடந்தது?"

"சித்தப்பன்தான் மாமி. யூசுக்குள்ளை நஞ்சைக் கலந்து குடுத்திட்டான்."

சோபாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சட்டைக் கையை மடித்தார். அந்த நேரம் பார்த்து, தலை முழுகிவிட்டு ஈரத் துவாயோடு நான் வெளியே வந்தேன்.

"ஐயோ முருகா, பிள்ளை நிக்குது!" என்று மாமி சட்டியோடு சோபாவில் விழுந்தார்.

சித்தப்பா உண்மையைக் கக்கினார். முதலில் அவருக்கு நல்ல கிழி விழுந்தது. பிறகு ஒருவர் சிரிக்க, வீடே சிரித்தது. மாமி என் கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். "நீ செத்திட்டாய் எண்டு ரெயின் முழுக்க அழுதுகொண்டெல்லோ வந்தனான்!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. தன் செத்தவீட்டுக்கு இத்தனை சட்டி வந்ததைக் கண்ட பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு யார்?

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றார். கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் தாங்காமல் நான் சட்டி மூடியைத் திறக்க, கையைத் தட்டிவிட்டார். "செத்தவீட்டுச் சாப்பாடு என்ரை பிள்ளை தின்னப்படாது." சட்டிகளையெல்லாம் வந்தவர்களிடமே கொடுத்தனுப்பினார். உப்பும் செத்தல்மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றிப் போட்டார். பிறகு புதிதாக உலை வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதார்.

குழம்பு போன ஆத்திரம் எனக்கு. ஆனாலும் பாவமாக இருந்தது.

"அழாதேங்கோ அம்மா, அவ நடிக்கிறவதானே. உண்மையாச் சாகேல்லை."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் கூட அழுதார். இவ்வளவு எடுத்துச் சொல்லியும் ஒரு நாடகத்துக்குப் போய் இப்படி அழுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.